தாழிடும் மரபணு

பிறந்த குழந்தையின் இரத்தமும் அதைப் பெற்றவளின் இரத்தமும் பார்வைக்கு ஒரே சிவப்பு. உள்ளே இருக்கும் சரக்குதான் வேறு. குழந்தையின் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் பாதிக்கு மேல் கருக்கால வகையைச் சேர்ந்தது. வயிற்றுக்குள் இருக்கும் கரு சொந்தமாக மூச்சு விடுவதில்லை. நஞ்சுக்கொடியில் தாயின் இரத்தம் கொண்டுவரும் ஆக்சிஜனை அது வாங்கிக்கொள்ள வேண்டும். தாயின் ஹீமோகுளோபினைவிட ஆக்சிஜனை இறுகப் பற்றும் ஒரு ஹீமோகுளோபின் கருவிடம் இருந்தால்தான் அது நடக்கும். பிறந்த பிறகு இந்த அவசரம் தீர்ந்துவிடுகிறது. ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் கருக்கால ஹீமோகுளோபின் மெல்ல மெல்லக் குறைந்து, வளர்ந்தவர்களில் பெரும்பாலோரிடம் ஒரு சதவீதத்துக்கும் கீழே போய்விடுகிறது.

குறைந்துவிடுகிறது என்றுதான் சொன்னேன். கருக்கால ஹீமோகுளோபினை உருவாக்கும் மரபணு எங்கும் போய்விடவில்லை. இதைப் படிக்கும் உங்கள் உடலிலும் அது அப்படியே இருக்கிறது.

ஹீமோகுளோபின் நான்கு புரதச் சங்கிலிகளால் ஆனது. வளர்ந்தவர்களிடம் இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா. கருவில் பீட்டாவின் இடத்தில் காமா. பீட்டாவுக்கும் காமாவுக்கும் உரிய மரபணுக்கள் 11ஆம் குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. காமாவுக்கு ஒன்றல்ல, இரண்டு மரபணுக்கள். இரண்டிலும் ஓர் எழுத்துகூடப் பழுதில்லை. ஆனாலும் முதல் வருடம் கழிந்த பிறகு வாழ்நாள் முழுக்க யாரும் அவற்றைத் திறப்பதில்லை. ஏதோ ஒன்று அவற்றுக்குத் தாழ் போட்டு வைத்திருக்கிறது. எது அது என்று 2008 வரை யாருக்கும் தெரியாது.

தெரிந்துகொள்ள ஏன் இவ்வளவு துடித்தார்கள் என்பதற்கு அரிவாள் அணு நோய்தான் காரணம். மருத்துவமனைகளில் இப்போது சிக்கிள் செல் என்றே சொல்கிறார்கள். 1910இல் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், கிரெனடா தீவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்த ஓர் இளைஞரின் இரத்தத்தில் அரிவாள் போல வளைந்த சிவப்பணுக்களைக் கண்டு எழுதினார். 1949இல் லைனஸ் பாலிங்கும் அவருடைய குழுவினரும் கோளாறு ஹீமோகுளோபின் மூலக்கூறிலேயே இருக்கிறது என்று காட்டினார்கள். ஒரு நோயின் வேரை ஒரு மூலக்கூறு வரை துரத்திப்போனது அதுவே முதல் முறை. 1957இல் கேம்பிரிட்ஜில் வெர்னான் இங்ராம் இன்னும் நெருங்கினார்: பீட்டா சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளுடாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின். அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ஒரே மாற்றத்தால், ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன. இழைகள் அணுவை உள்ளிருந்து வளைக்கின்றன. வளைந்த அணுக்கள் மெல்லிய இரத்தக் குழாய்களை அடைக்கின்றன. அந்த அடைப்பின் வலி நாட்கணக்கில் நீடிக்கும். சாதாரணமாக 120 நாள் வாழ வேண்டிய சிவப்பணு இவர்களிடம் பத்து, இருபது நாளில் அழிந்துபோகிறது.

இதற்கிடையில் ஒரு முக்கியமான துப்பு கிடைத்திருந்தது. நியூயார்க்கின் புரூக்ளினில் குழந்தை மருத்துவராக இருந்த ஜேனட் வாட்சன், இந்த நோயோடு பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் நோய் தெரிவதில்லை என்பதைக் கவனித்தார். அவர்களின் இரத்தத்தில் அரிவாள் வடிவம் எடுக்கும் அணுக்களே குறைவு. சில மாதங்கள் கழித்துத்தான் தொல்லை ஆரம்பிக்கிறது. கருக்கால ஹீமோகுளோபின் இருக்கும் வரை அது காப்பாற்றுகிறது என்று 1948இல் அவர் எழுதினார். பாலிங்கின் கட்டுரைக்கு ஒரு வருடம் முந்தைய சங்கதி இது. பாலிங்கின் பெயர் பாடநூல்களில் நிலைத்த அளவுக்கு வாட்சனின் பெயர் நிலைக்கவில்லை. அவர் கண்டது எவ்வளவு சரி என்பது பின்னால் விளங்கியது: காமா சங்கிலி கொண்ட மூலக்கூறு அந்த இழைக்குள் பொருந்துவதில்லை, இழை வளரவும் விடுவதில்லை.

அடுத்த துப்பு வந்த வழியில் நீலகிரியும் இருக்கிறது. ஹெர்மன் லேமன் ஜெர்மனியில் பிறந்து, 1930களில் அங்கிருந்து இங்கிலாந்துக்குத் தப்பி வந்த மருத்துவர். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் ராணுவ மருத்துவராக இந்தியாவில் இருந்தவர். 1952இல் அவரும் மேரி கட்புஷும், நீலகிரி மலைவாழ் மக்களிடம் அரிவாள் அணுப் பண்பு இருப்பதாக அறிவித்தார்கள். அதுவரை ஆப்பிரிக்க வம்சாவளியினரின் நோய் என்று உலகம் நினைத்திருந்த ஒன்று தென்னிந்திய மலைக்காட்டில் இருந்தது. பிறகு இந்தியாவின் பல பகுதிகளில் பழங்குடி மக்களிடையே அது அகப்பட்டது.

அதே லேமன் 1955இல் எடிங்டன் என்பவருடன் மேற்கு ஆப்பிரிக்காவில் வேறொன்றைக் கவனித்தார். வளர்ந்த சிலரிடம் கருக்கால ஹீமோகுளோபின் குறையவே இல்லை. ஆளோ திடகாத்திரமாக இருக்கிறார். சில குடும்பங்களில் இது பரம்பரையாக வருகிறது. அரிவாள் அணு மரபணுவோடு சேர்த்து இதுவும் ஒருவருக்கு வாய்த்தால், அவரை நோய் பெரிதாக அண்டுவதில்லை. ஒரு மருந்து பாதுகாப்பானதா என்று பார்க்கச் சோதனை நடத்துவோம் அல்லவா, இயற்கை அந்தச் சோதனையைத் தலைமுறை தலைமுறையாக நடத்தி முடித்து விடையையும் எழுதி வைத்திருந்தது: காமாவின் தாழ் திறந்தே இருந்தாலும் மனிதனுக்குக் கேடில்லை.

பிறகு அரை நூற்றாண்டு கையைப் பிசைந்துகொண்டு போனது. அந்தக் காலத்தில் உருப்படியாகக் கிடைத்தது ஹைட்ராக்ஸியூரியா என்ற பழைய புற்றுநோய் மாத்திரை. அதைக் கொடுத்தால் பலருக்குக் கருக்கால ஹீமோகுளோபின் ஓரளவு கூடுகிறது, வலி வரும் தடவைகள் குறைகின்றன. 1998இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கென அனுமதி கிடைத்தது. மலிவான மருந்து, இன்றும் இந்தியாவில் நோயாளிகளுக்கு முதலில் தரப்படுவது அதுதான். ஆனால் அது தாழைத் தேடித் திறப்பதில்லை. சிவப்பணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையை நெருக்கடிக்குள் தள்ளுகிறது. அந்த நெருக்கடியில் உடல் கொஞ்சம் பழைய வகையைச் சேர்த்து உற்பத்தி செய்கிறது.

தாழிடுவது எதுவென்று ஆய்வாளர்கள் 11ஆம் குரோமோசோமின் அக்கம்பக்கத்தையே குடைந்துகொண்டிருந்தார்கள். காமா அங்கே இருப்பதால் அதை அடைப்பதும் அங்கேயே இருக்கும் என்று நினைப்பது இயல்புதானே. விடை 2ஆம் குரோமோசோமில் இருந்தது.

2007இல் லண்டனில் ஸ்வீ லே தெய்ன் குழுவினர் ஒரு எளிய காரியம் செய்தார்கள். நலமாக உள்ள மனிதர்களில் கருக்கால ஹீமோகுளோபின் கொண்ட அணுக்கள் மிக அதிகமாக இருப்பவர்களையும் மிகக் குறைவாக இருப்பவர்களையும் எடுத்து, இரு தரப்பின் மரபணுத் தொகுதியையும் முழுக்க ஒப்பிட்டார்கள். ஆட்கள் இருநூறு பேருக்கும் குறைவு. இந்த வகை ஆய்வுகளுக்கு ஆயிரக்கணக்கானோர் தேவைப்படுவது வழக்கம். இங்கே விளைவு அவ்வளவு வலுவாக இருந்ததால் சிறு கூட்டத்திலேயே கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. மறு வருடம் இத்தாலியின் சார்டினியா தீவு மக்களை ஆராய்ந்தவர்களும் அதே இடத்தில் போய் நின்றார்கள். அந்த இடத்தில் இருந்த மரபணுவின் பெயர் பி.சி.எல்.11ஏ.

அது புதியதல்ல. எலிகளின் இரத்தப் புற்றுநோயிலும், மனிதர்களின் பி வகை வெள்ளணுக்களில் வரும் ஒரு புற்றுநோயிலும் அதன் பெயர் ஏற்கெனவே அடிபட்டிருந்தது. 2003இல் எலிகளிலிருந்து அதை நீக்கிப் பார்த்தபோது பி வெள்ளணுக்களே உருவாகவில்லை. குட்டிகள் பிறந்ததும் இறந்தன. வெள்ளணுக்காரர்கள் தங்கள் சொத்து என்று நினைத்திருந்த மரபணு அது. சிவப்பணுவில் அதற்கு என்ன வேலை?

பாஸ்டனில் ஸ்டூவர்ட் ஆர்கின் ஆய்வகத்தில் விஜய் சங்கரன் என்ற இளம் ஆய்வாளர் இதை நேரடியாகச் சோதித்தார். சிவப்பணுவாக மாறிக்கொண்டிருக்கும் மனித அணுக்களில் பி.சி.எல்.11ஏயின் அளவைக் குறைத்தார். காமா எழுந்துகொண்டது. 2008 டிசம்பரில் சயன்ஸ் இதழில் இது வெளியானது. 2011இல் அதே ஆய்வகம், அரிவாள் அணு நோய் கொண்ட எலிகளின் சிவப்பணு வரிசையில் மட்டும் இந்த மரபணுவை நீக்கியது. எலிகளின் நோய் விலகியது. பழுதான பீட்டா மரபணுவை யாரும் தொடவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்றைச் சரிசெய்யாமல், இன்னொன்றை நிறுத்தி, மூன்றாவது ஒன்றை எழுப்பிவிட்டார்கள்.

இந்தப் புரதம் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்று நின்று பார்ப்போம்.

நம் மரபணுத் தொகுதி சுமார் 310 கோடி எழுத்துகள். அத்தனையும் இரு பிரதிகளாக, நீட்டினால் இரண்டு மீட்டர் வரும் டி.என்.ஏயாக, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான உட்கருவுக்குள் அடங்கியிருக்கிறது. அதற்குள் குறிப்பிட்ட எழுத்து வரிசைகளை அடையாளம் கண்டு ஒட்டிக்கொண்டு, பக்கத்து மரபணுவை இயக்கவோ அடக்கவோ செய்யும் புரதங்கள் மனிதனிடம் சுமார் 1,600 வகை இருக்கின்றன. படியெடுப்புக் காரணிகள் என்று இவற்றைச் சொல்வார்கள். ஏறக்குறைய பாதி ஒரே உத்தியைக் கையாள்கின்றன. ஏறத்தாழ முப்பது அமினோ அமிலங்கள் மடிந்து ஒரு சிறு நீட்சியாகின்றன. இரண்டு சிஸ்டீனும் இரண்டு ஹிஸ்டிடினும் சேர்ந்து ஒரு துத்தநாக அயனியைப் பிடித்துக்கொண்டு அந்த மடிப்பைக் குலையாமல் காக்கின்றன. துத்தநாக விரல் என்று பெயர். 1985இல் கேம்பிரிட்ஜில் ஆரன் க்ளுக் குழுவினர், ஆப்பிரிக்கத் தவளையின் முட்டை அணுக்களில் கிடைத்த ஒரு புரதத்தில் இதை முதலில் கண்டார்கள். விரலின் நுனி டி.என்.ஏயின் பள்ளத்துக்குள் நுழைந்து மூன்று எழுத்துகள் அளவுக்குத் தடவிப் பார்க்கும். விரல்களை அடுக்கினால் நீண்ட வரிசையைப் படிக்கலாம்.

பி.சி.எல்.11ஏயின் நீளமான வடிவம் 835 அமினோ அமிலங்கள் கொண்டது. அதன் வால் பக்கத்தில் மூன்று விரல்கள் சேர்ந்திருக்கின்றன. அவை தேடும் வரிசை டி-ஜி-ஏ-சி-சி-ஏ. ஆறே எழுத்து. இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு எழுத்துகளில் ஆறு எழுத்து வரிசை ஒன்று தற்செயலாக 4,096 இடங்களுக்கு ஒருமுறை வரும். டி.என்.ஏயின் இரு இழைகளையும் கணக்கில் எடுத்தால், மரபணுத் தொகுதியில் சுமார் 15 லட்சம் இடங்களில் இந்த வரிசை இருக்க வேண்டும். பிறகு எப்படி இந்தப் புரதம் காமாவைச் சரியாகத் தேடிப் பிடிக்கிறது? அந்த 15 லட்சத்தில் பெரும்பகுதி எந்த அணுவிலும் எட்டாத இடத்தில் சுருட்டி மூடப்பட்டிருக்கிறது என்பது விடையின் ஒரு பாதி. சிவப்பணுவாகப் போகும் அணுவில் குளோபின் மரபணுக்கள் இருக்கும் பகுதி திறந்து கிடக்கிறது. அதனால் அங்கே ஒட்ட முடிகிறது. மறுபாதி, அது ஒட்டும் இடம் எப்படிப்பட்ட இடம் என்பதில் இருக்கிறது.

காமா மரபணு தொடங்கும் புள்ளிக்கு 115 எழுத்துகள் முன்னால் இந்த வரிசை இருக்கிறது. மரபணுவைப் படிக்கத் தூண்டும் இன்னொரு புரதம் உட்கார வேண்டிய இடமும் ஏறக்குறைய அதை ஒட்டியே இருக்கிறது. பி.சி.எல்.11ஏ முதலில் வந்து அமர்ந்துகொண்டால் தூண்டும் புரதத்துக்கு இடமில்லை. போதாததற்கு, டி.என்.ஏயை இறுக்கி மூடவைக்கும் ஒரு புரதக் கூட்டத்தையும் அது கூடவே அழைத்து வருகிறது. காமா மௌனமாகிறது. கருவின் அணுக்களில் பி.சி.எல்.11ஏயின் முழு வடிவம் குறைவு. பிறப்பை ஒட்டி அது பெருகுகிறது. ஒரு வகை போய் இன்னொரு வகை வருவதற்கு இந்த ஏற்ற இறக்கம் முக்கிய காரணம்.

இந்தச் சித்திரம் தெளிவானது 2018இல்தான். ஆனால் சான்று 1985இலிருந்தே கையில் இருந்தது. கருக்கால ஹீமோகுளோபின் குறையாத கிரேக்கக் குடும்பங்களில், காமாவுக்கு 117 எழுத்துகள் முன்னால் ஒரு ஜி, ஏ-ஆக மாறியிருப்பதை அப்போதே கண்டிருந்தார்கள். ஏன் அந்த ஓர் எழுத்து இவ்வளவு செய்கிறது என்பதற்கு 33 வருடம் விளக்கம் இல்லை. 2018இல் பாஸ்டனிலும் சிட்னியிலும் இரு குழுக்கள் பி.சி.எல்.11ஏ எங்கே ஒட்டுகிறது என்று துல்லியமாக அளந்தபோது, அந்த எழுத்து அது தேடும் ஆறில் ஒன்று என்று தெரிந்தது. அதை மாற்றினால் விரல்களுக்கு அடையாளம் புரிவதில்லை. எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த சங்கதி இதுதான். கடிதம் முதலில் கிடைத்தது, அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் ஒரு தலைமுறை கழித்து வந்தார்கள்.

சரி, பி.சி.எல்.11ஏயை நிறுத்திவிட்டால் போதுமே என்று தோன்றும். முடியாது. பி வெள்ளணுக்களுக்கு அது வேண்டும் என்று பார்த்தோம். மூளைக்கும் வேண்டும். இந்த மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று பிறவியிலேயே பழுதாகிப்போன குழந்தைகள் சிலரை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். அவர்களின் இரத்தத்தில் கருக்கால ஹீமோகுளோபின் கூடுதலாகவே இருக்கிறது, ஆனால் அறிவு வளர்ச்சியும் பேச்சும் பின்தங்குகின்றன. ஒரே புரதம் மூளையில் ஒன்றைச் செய்கிறது, சிவப்பணுவில் ஒன்றைச் செய்கிறது. ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் நிறுத்த வேண்டும்.

வழி மரபணுவுக்குள்ளேயே ஒளிந்திருந்தது, ஆனால் புரதத்துக்கான குறிப்பு எழுதப்பட்ட பகுதியில் அல்ல. லண்டனிலும் சார்டினியாவிலும் கண்ட எழுத்து வேறுபாடுகள் எல்லாம் மரபணுவின் ஓர் இடைப்பகுதியில், புரதத்தில் இடம்பெறாமல் வெட்டி எறியப்படும் துண்டில் விழுந்திருந்தன. 2013இல் டேனியல் பாவரும் ஆர்கின் குழுவினரும் அங்கே ஓர் ஊக்கிப் பகுதி இருப்பதைக் காட்டினார்கள். சிவப்பணு வரிசையில் மட்டும் பி.சி.எல்.11ஏயை முடுக்கிவிடும் பகுதி அது. எலி அணுக்களில் அதை நீக்கினால் சிவப்பணு வரிசையில் பி.சி.எல்.11ஏ மறைந்தது, பி வெள்ளணு வரிசையில் ஒன்றும் ஆகவில்லை. அடுத்து, டி.என்.ஏயைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் கருவியைக் கொண்டு அந்தப் பகுதியில் இடம் இடமாக வெட்டி, எந்த வெட்டு அதிகம் பாதிக்கிறது என்று பார்த்தார்கள். 2015இல் வெளியான விடை வியப்பானது: மரபணுவின் தொடக்கத்திலிருந்து சுமார் 58,000 எழுத்துகள் தள்ளி, காட்டா-1 என்ற இன்னொரு படியெடுப்புக் காரணி ஒட்டும் சிறு இடம். சில எழுத்துகள் அளவுதான். அங்கே ஒரு வெட்டு போதும். தாழிடுபவரையே இயக்கும் ஆளுக்கு உட்கார இடமில்லாமல் போகிறது.

2019 ஜூலையில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் விக்டோரியா கிரே என்ற 34 வயதுப் பெண்ணுக்கு, அவருடைய சொந்த இரத்த ஸ்டெம் செல்களை எடுத்து, அந்த இடத்தில் கிரிஸ்பரால் வெட்டித் திருப்பிச் செலுத்தினார்கள். சிறு வயதிலிருந்தே மருத்துவமனையும் வலியுமாக வளர்ந்தவர் அவர். சிகிச்சை பலித்தது, 2023இல் லண்டனில் நடந்த மரபணுத் திருத்த மாநாட்டில் அவரே மேடையேறித் தன் கதையைச் சொன்னார். 2023 நவம்பர் 16 அன்று பிரிட்டனும், டிசம்பர் 8 அன்று அமெரிக்காவும் கேஸ்கெவி என்ற பெயரில் இதற்கு அனுமதி தந்தன. கிரிஸ்பர் வழியில் உலகில் அனுமதி பெற்ற முதல் சிகிச்சை. போதுமான காலம் கண்காணிக்கப்பட்ட 30 நோயாளிகளில் 29 பேருக்குக் குறைந்தது ஒரு வருடம் கடுமையான வலித் தாக்குதல் வரவில்லை.

இதைப் படித்துவிட்டு அற்புதம் என்று முடித்துக்கொள்ளும் கட்டுரைகள் ஏராளம். நடைமுறை அவ்வளவு அழகாக இல்லை. திருத்திய செல்களுக்கு இடம் விட, பழைய மஜ்ஜையை முதலில் புசல்ஃபான் என்ற கடும் மருந்தால் அழிக்க வேண்டும். வாய்ப்புண், நோய்த்தொற்று அபாயம், வாரக்கணக்கில் மருத்துவமனைவாசம், பிறகு குழந்தைப் பேறு இல்லாமல் போகும் சாத்தியம். அனுமதி கிடைத்தபோது அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 18 கோடி ரூபாய். நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் இருக்கிறார்கள். 2023 ஜூலையில் இந்திய அரசு தொடங்கிய தேசிய இயக்கம் 7 கோடிப் பேரைப் பரிசோதித்து, 2047க்குள் நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்குவதை இலக்காக வைத்திருக்கிறது. அதன் கருவிகள் இரத்தப் பரிசோதனை, மரபு ஆலோசனை, ஹைட்ராக்ஸியூரியா. நீலகிரியின் கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடி நோயாளி ஒருவருக்கு இன்று கைக்கெட்டுவதும் இவைதான்.

இந்திய நோயாளிகளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கும் சவூதி அரேபியாவின் கிழக்குப் பகுதியிலும் அரிவாள் அணு மரபணு வரும் 11ஆம் குரோமோசோமில், காமாவுக்கு முன்னால் 158ஆம் எழுத்தில் ஒரு வேறுபாடு கூடவே வருகிறது. இத்தகையவர்களுக்குக் கருக்கால ஹீமோகுளோபின் ஆப்பிரிக்க நோயாளிகளைவிட இயல்பாகவே அதிகம். இருபது சதவீதத்தைத் தொடுவதும் உண்டு. அதனால் இந்திய நோய் லேசானது என்று ஒரு பேச்சு நெடுநாள் உலவியது. மத்திய இந்தியாவின் மருத்துவமனை வார்டுகளைப் பார்த்தவர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை. சராசரியில் கூடுதல் என்பது வலியால் துடிக்கும் ஒருவருக்கு ஆறுதலாகாது.

காமாவின் தாழை மாத்திரையாலேயே திறக்க முடியாதா என்ற தேடல் இப்போது மும்முரமாக இருக்கிறது. பி.சி.எல்.11ஏ போன்ற புரதத்தை மாத்திரையால் மடக்குவது கடினம். ஒரு சிறு மூலக்கூறு போய்ப் பொருந்துவதற்கான குழிவு அதன் மேற்பரப்பில் அரிது. மாத்திரை மூளைக்குள்ளும் போகலாம் என்ற பயம் வேறு. எனவே சிலர் பக்கத்தில் பார்க்கத் தொடங்கினார்கள். காமாவை அடக்குவதில் பி.சி.எல்.11ஏக்குத் துணையாக இன்னும் சில துத்தநாக விரல் புரதங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று விஸ். 2024இல் நோவார்டிஸ் நிறுவன ஆய்வாளர்கள், விஸ் புரதத்தை அணுவின் சொந்தக் குப்பை அகற்றும் அமைப்பிடம் பிடித்துக் கொடுக்கும் ஒரு சிறு மூலக்கூறைக் கண்டதாக சயன்ஸ் இதழில் எழுதினார்கள். மஜ்ஜையை அழிக்கத் தேவையில்லை, செல்களை வெளியே எடுக்கத் தேவையில்லை. மனித இரத்த அணுக்களைச் சுமக்கும் எலிகளிலும், பிறகு குரங்குகளிலும் கொடுத்துப் பார்த்தபோது கருக்கால ஹீமோகுளோபின் உயர்ந்தது.